றஞ்சிதம் சோதித்த மூன்று மதர்போட்டுகள்

வெள்ளவத்தையில் தில்லைநாதனின் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் ஒரு பேச்சுக்கு விலை கேட்டுவிட்டு, நேரே பின்னறைக்குப் போய் றஞ்சிதத்திடம்தான் உண்மையைக் கேட்பார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவள். தட்டச்சு படிக்கப் போன இடத்தில் பழுதாகிக் கிடந்த கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தவள், அன்றிலிருந்து அந்த வேலையிலேயே ஒட்டிக்கொண்டாள். நல்ல சாமானை நல்லதென்பாள். கூடாததை முகத்துக்கு நேரே கூடாதென்பாள். அதனால் தில்லைநாதன் அவளை மதித்தார். அதனாலேயே அவளோடு அடிக்கடி கொழுவவும் செய்தார்.

2006ஆம் ஆண்டு நடுப்பகுதி. வடக்கு கிழக்கில் சண்டை திரும்பவும் மூண்டு, கொழும்பில் குண்டுப் பயம் இருந்த நேரம். அப்போதுதான் புதுத் தலைமுறை மதர்போட்டுகள், கம்ப்யூட்டரின் தாய்ப் பலகைகள், கடைக்கு வந்து இறங்கின. பழையவற்றில் ஊசிகள் புரொசெசரின் அடியில் இருக்கும், போட்டில் துளைகள்தான். புதியவற்றில் எல்லாம் தலைகீழ். நூற்றுக்கணக்கான ஊசிகள் போட்டில் நின்றன, மயிரிழை மாதிரி. கைதவறி ஒன்று வளைந்தாலும் போட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். செருகும் நினைவகமான றாமும் வேறு சாதி.

கொட்டாஞ்சேனையில் இன்டர்நெட் கடை நடத்தும் றோஸி தன் ஆறு மெஷினையும் மாற்ற நினைத்தாள்.

“றஞ்சி, மூண்டு விதமான போட் வந்திருக்காம். எது நல்லதெண்டு நீயே பார்த்துச் சொல்லு. என்ட கடையில ஏசி இல்லை, தெரியும்தானே” என்று போனில் சொன்னாள்.

றஞ்சிதம் பின்னறை யன்னல்களைச் சாத்தி, காற்றாடியை நிறுத்திவிட்டு, மூன்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். மண்ணிறப் போட் றாம் விஷயத்தில் வலு நொட்டை. ஒன்றை ஏற்கும், அதே மாதிரியான மற்றதை ஏற்காது. பச்சை மந்தமாகத்தான் எழும்பியது, ஆனால் எழும்பின பிறகு இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. நீலந்தான் மூன்றிலும் வேகம், பார்க்கவும் வடிவு. ஆனால் சூடு ஏறினால் நாற்பது நிமிடத்தில் அப்படியே உறைந்துபோனது. மூன்று தரம் பார்த்தாள். மூன்று தரமும் அப்படித்தான். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள்.

தில்லைநாதன் நீலத்தில் பன்னிரண்டு எடுத்து வைத்திருந்தார்.

“உனக்கு வாய் கொஞ்சம் கூட, பிள்ளை. ஏசி போட்ட வீட்டில அது ஒழுங்கா ஓடுமே!”

“அப்ப ஏசி இருக்கோ எண்டு கேட்டு வில்லுங்கோ அண்ணை. றோஸி அக்காவுக்கு நான் பச்சையைத்தான் குடுப்பன்.”

இரண்டு நாள் அவர் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பச்சைப் போட்டையும் கொப்பியையும் பையில் வைத்துக்கொண்டு றஞ்சிதம் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள்.

கொம்பனித்தெருச் சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கென்று பார்த்த சிப்பாய், அவளுடைய பையைத் திறந்தான். உள்ளே வயரும் சில்லுமாய்ப் பச்சைத் தகடு, குண்டுச் சாமான் மாதிரி. அரை மணித்தியாலத்தில் அவள் ஒரு பொலிஸ் நிலையத்தின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

மதர்போட் என்னவென்று சிங்களத்தில் விளங்கப்படுத்த அவளால் முடிந்தது. இன்ஸ்பெக்டரும் பாதி நம்பிவிட்டார். கொப்பிதான் அவளைக் கவிழ்த்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் அதை எடுத்து, வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னார்.

“நீலம். சூடாக்கினேன். நாற்பது நிமிடத்தில் செத்தது. மறுபடி சூடாக்கினேன். முப்பத்தெட்டில் செத்தது. பச்சை இன்னும் சாகவில்லை. றோஸிக்குப் பச்சை.”

தான் எழுதினது இன்னொருவர் வாயில் வேறு யாரோ எழுதினது மாதிரி றஞ்சிதத்துக்குக் கேட்டது.

“யார் இந்த நீலம்? என்னத்துக்கு நாற்பது நிமிடம்?” இன்ஸ்பெக்டரின் குரல் மாறிவிட்டது.

அவள் கடை நம்பரைக் கொடுத்தாள். கோபத்தில் இருக்கிற மனிசன் வருவாரோ மாட்டாரோ என்று அவளுக்கே நிச்சயமில்லை. தமிழ் ஆள் ஒருவர் தானாக நடந்து பொலிசுக்குப் போகிற காலமும் இல்லை அது.

தில்லைநாதன் வந்தார். கடைப் பதிவுப் பத்திரம் கையில், நெற்றியில் திருநீறு, சேட்டெல்லாம் வியர்வை. கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேர், இது என்ட கடைச் சாமான். இந்தப் பிள்ளை எழுதினது முழுக்க உண்மை. நீலப் போட் நாற்பது நிமிசத்தில நிண்டுபோகும்.”

“அப்படியென்றால் என் கண்முன்னால் நிற்கட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

கடையிலிருந்து நீலப் போட்டும் புரொசெசரும் மொனிட்டரும் மற்றச் சாமான்களும் ஓட்டோவில் வந்தன. றஞ்சிதம் மேசையில் வைத்து ஒன்றோடொன்று பூட்டினாள். ஒரு ஊசியும் வளையக்கூடாதென்று புரொசெசரை இரண்டு தரம் எடுத்து வைத்தாள். சுவிட்சில் அவள் கை வைத்ததும் அறையில் நின்ற கான்ஸ்டபிள்கள் விறாந்தைக்குப் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் வாசற்படியில் நின்றார். தில்லைநாதன் மட்டும் அவளுக்குப் பக்கத்தில், தோள் படுகிற தூரத்தில் நின்றார்.

திரை வெளிச்சமானது. வேறொன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

“சேர், காற்றாடியை நிப்பாட்டவேணும். காத்துப் பட்டா இது நிக்காது.”

நிறுத்தினார்கள். மத்தியான வெயில், ஓட்டுக் கூரை. இன்ஸ்பெக்டர் கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் ஆனது. நிற்கவில்லை. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. கான்ஸ்டபிள் கொப்பியைத் திரும்ப விரித்தார். தில்லைநாதன் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார், தன் பன்னிரண்டு போட்டும் கூடாததென்று காட்டச் சொல்லி.

நாற்பத்தேழாவது நிமிடம் திரை உறைந்தது. விசைப்பலகைக் கட்டையைத் தட்டினாலும் அசையவில்லை.

“செத்திட்டுது! சேர், செத்திட்டுது!” என்று தில்லைநாதன் கத்தினார், பிள்ளை சோதினை பாஸ் பண்ணின சந்தோசத்தோடு. கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு, கொப்பியையும் பையையும் அவள் பக்கம் தள்ளினார். றஞ்சிதத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஓட்டோவில் ஏறின பிறகு அழுகை வந்தது. தில்லைநாதன் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டினதும் கேட்டார்.

“நான் வரமாட்டன் எண்டு நினைச்சனியோ?”

“ஓம் அண்ணை.”

“நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சனான்” என்றார்.

நாலு நாள் அவள் தான் தங்கியிருந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவை யாரும் தட்டினால் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அதற்கிடையில் தில்லைநாதன் நீலப் போட்டுகளைக் கொண்டுவந்த வியாபாரியிடமே திருப்பிவிட்டார். றோஸி வெள்ளவத்தைக்குத் தானே வந்து ஆறு பச்சைப் போட்டை ஏற்றிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் றஞ்சிதம் வேலைக்கு வந்தாள். பின்னறை மேசையில் புதிதாக வந்த இரண்டு பெட்டிகள், ஒட்டின ரேப் உரிக்காமல் இருந்தன.

“இன்னும் விலை போடேல்லை” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. “நீ பார்த்துச் சொல்லு.”

அவள் யன்னல்களைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தினாள்.