கதவு திறந்த பின் தட்டுங்கள்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, நிறுத்தக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியிருந்த அறிவிப்பு. அடுத்த மாதத்திலிருந்து இந்தச் சேவை இந்தச் சாலைக்குள் திரும்பாது. பெரிய சாலையிலேயே நேராகப் போய்விடும். இந்த நிறுத்தத்தைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்று காரணம் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. நான் நாளிதழில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள். திருத்த அதில் ஒன்றும் இல்லை.

என்னோடு இறங்கியவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னமா போட்டிருக்கான்?"

"இனிமே பஸ் உள்ள வராதாம்ணே. இந்த ஸ்டாப்ப எடுக்கிறாங்க."

"ஏனாம்?"

"ஆளே இறங்குறது இல்லையாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். எங்களோடு இறங்கிய ஏழெட்டுப் பேர் கைத்தடியும் பையுமாக, எதிரே இருந்த முதியோர் இல்லத்தின் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நம்மெல்லாம் யாரு? பேயா?" என்றார்.

அந்த இல்லத்தின் பெண்கள் பிரிவில் என் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் அவருடைய மனைவியுடையது. அவர் குடியிருந்தது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி ஒன்றில். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. மனைவிக்கு நினைவு போய்விட்டது. கணவரை அடையாளம் தெரிந்ததாக நான் ஒருபோதும் பார்க்கவில்லை. ஆனால் மாலை உணவை அவர் ஊட்டினால் அந்த அம்மா வாயைத் திறப்பார். தாதி ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வார். எந்தத் தாதி, என்ன உணவு என்பதெல்லாம் பொருட்டில்லை. அதனால் அவர் தினமும் வந்தார். வராத நாளில் அந்த அம்மா பட்டினி. என் அம்மா யார் ஊட்டினாலும் சாப்பிட்டார்.

நிறுத்தம் போய்விட்டால் முந்திய நிறுத்தத்தில் இறங்கி, சிக்னலைக் கடந்து, கூரையில்லாத ஏற்றத்தில் ஏறி வர வேண்டும். எனக்கே மூச்சு வாங்கும். அவரால் முடியாது.

அடுத்த சில நாள் நான் பேருந்தில் பின்கதவைப் பார்த்தபடி இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். பிழை எங்கே என்று தேடும் பழைய தொழில் புத்தி. பெரிய சாலையிலிருந்து ஏற்றத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. நீண்ட நேரம் நிற்கவைக்கும் விளக்கு. பேருந்து அதில் நின்றதும் வயதானவர்கள் எழுந்தார்கள். வண்டி ஆடாமல் நிற்கும் அந்த நேரத்தில் கதவருகே வந்து, பயண அட்டையை அங்கிருக்கும் கருவியில் தட்டி, பையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தடியும் மறு கையில் கம்பியுமாகத் தயாராக நின்றார்கள். ஏற்றத்தில் வண்டி குலுங்கும். தடி, கம்பி, அட்டை மூன்றுக்கும் கை போதாது. ஓட்டுநரைக் காக்க வைக்கக் கூடாது என்ற கூச்சமும் இருந்தது. கடைசியாகக் கதவு திறந்தபோது தட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை. எல்லாரும் இறங்கினார்கள்.

அன்று இரவே கைப்பேசியில் என் பயணங்களைத் திறந்து பார்த்தேன். தட்டும்போது வண்டி கடைசியாக நின்ற நிறுத்தத்தையே இறங்கிய இடமாகக் கருவி பதிந்துகொள்கிறது; நான் இறங்கியதாக இருந்ததெல்லாம் முந்திய நிறுத்தம். நானும் சிவப்பு விளக்கில் தட்டுகிறவள்தான், பார்த்துப் பழகிவிட்டது.

சனிக்கிழமை சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூவர் கூடினோம். மூன்றாமவர், இல்லத்தில் எதிர்க்கட்டிலில் இருக்கும் இன்னொரு அம்மாவின் தங்கை. பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயிலும் பேருந்தும் மாறி வருகிறவர். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். குரல் கடை முழுக்கக் கேட்கும். அவருடைய கைப்பேசியையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

"அக்கா, ரெண்டு வருசமா நான் அந்த ஸ்டாப்புல இறங்கவே இல்லையாம் லா! அப்ப எங்கக்காவ யாரு போய்ப் பார்த்தது?"

"இதைத்தான் அவங்ககிட்ட சொல்லணும்" என்றேன்.

"எப்படிச் சொல்லுவீங்க? ஒரு ஸ்டாப் முன்னாடியே தட்டுனோம்னா டிக்கெட்ல ஏமாத்துனதுன்னு அர்த்தம். ஃபைன் போடுவான். நான் கோயர் லீடர், ஞாபகம் வச்சுக்கங்க."

"பாட்டுக்காரி ஜெயிலுக்குப் போனா பூசை அமைதியா நடக்கும்" என்றார் பெரியவர், தோசையிலிருந்து தலையை எடுக்காமல்.

"அண்ணே, உங்களுக்கு அந்த தோசைதான் கடைசி தோசை."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். "நான் சொல்றேன். எனக்கு என்ன ஃபைன் போட்டாலும் எடுத்துக்கட்டும். இந்தக் காலை வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்றார்.

பேருந்து மாற்றம் பற்றிச் சமூக மன்றத்தில் நடந்த கலந்துரையாடலில் அவர்தான் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார். நாங்கள் இறங்குகிறோம், ஆனால் முன்பே தட்டிவிடுகிறோம், அது எங்கள் தப்பு, எங்களை எண்ணுங்கள் என்றார். அவ்வளவுதான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் தட்டுகிறவர்களாக இருக்கலாம். போக்குவரத்து அதிகாரி இளைஞர், மரியாதையானவர். அபராதம் பற்றிப் பேசவில்லை. சேவை மாற்றத்தை ஒரு மாதம் தள்ளிவைத்து எண்ணிக்கையை மறுபடி பார்ப்பதாகவும், பயணிகள் இறங்கும்போது மட்டும் அட்டையைத் தட்டுமாறும் கேட்டுக்கொண்டார். பிறகு சிற்றுண்டி கொடுத்தார்கள். பெரியவர் இரண்டு கறிபாப்பைக் காகிதக் குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு மாதம் நாங்கள் பேருந்தில் வேலை பார்த்தோம். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் பாட்டுக்காரர் கதவருகே போய் நின்றுகொள்வார்.

"அங்கிள், தட்டாதீங்க! ஆன்ட்டி, வெயிட், வெயிட்! கதவு திறந்தப்புறம்!"

கை போதாதவர்களின் அட்டைகளை அவரே வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி நின்று கதவு திறந்ததும் ஒவ்வொன்றாகத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். காணிக்கைப் பை நீட்டிப் பழகிய கை. யாரும் கொடுக்காமல் தப்பவில்லை. ஜோகூரிலிருந்து எல்லை கடந்து வேலைக்கு வரும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, கண்டக்டர் வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

"சம்பளம் மேல இருக்கிறவர் குடுப்பார். நீங்க ரோட்டப் பாருங்க."

ஒரு நாள் அட்டைகள் மாறிப்போயின. பெரியவர் ஒரு சீன மூதாட்டியின் அட்டையோடு வீடு போய்ச் சேர்ந்தார். அட்டையில் இருந்த படத்தை மறுநாள் எல்லாரிடமும் காட்டி, "நேத்து நான் இவங்கதான்" என்றார். மூதாட்டி அதை ரசிக்கவில்லை. அட்டையை வாங்கித் துடைத்துப் பையில் போட்டார்.

உள்ளே எதுவும் மாறவில்லை. பெரியவர் ஊட்டினார், மனைவி சாப்பிட்டார். நான் அம்மாவுக்கு முகம் துடைத்துவிட்டேன். அம்மா கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே பேருந்து வந்து நின்று போவது தெரியும். அதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்ததா என்று கேட்டால், இல்லை. கவலையும் வரவில்லை. எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன்.

மாதம் முடிந்து பதில் வந்தது. அண்மை மாதத்தில் நிறுத்தத்தின் பயன்பாடு கூடியிருப்பது கவனத்தில் கொள்ளப்பட்டது; ஆனால் அந்த உயர்வு திடீரென ஏற்பட்டது, வழக்கமான போக்கைக் காட்டவில்லை; எனவே ஓராண்டுச் சராசரியே கணக்கில் எடுக்கப்பட்டது. மாற்றம் திட்டமிட்டபடி நடக்கும்.

கட்டிலருகே நின்று நான் கைப்பேசியில் வாசித்துக் காட்டினேன். பாட்டுக்காரர், "ஒழுங்கா தட்டுனதுதான் தப்பாப் போச்சு" என்றார். அந்த வரியை அவர் சத்தமில்லாமல் சொன்னார். பெரியவர் மனைவியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, மூடியை இறுக்கி டப்பாவைப் பையில் வைத்தார்.

குறித்த நாளில் ஆட்கள் வந்து கம்பத்தைப் பிடுங்கினார்கள். பெஞ்சு மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. பேருந்து சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்ததும் நேராகப் போனது. பெரியவர் முந்திய நிறுத்தத்தில் இறங்கி, ஏற்றத்தில் மதிலைப் பிடித்துப் பிடித்து வந்தார். வந்து சேரும்போது சட்டை நனைந்திருக்கும், கரண்டி நிலைக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். தினமும் வந்தவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றானார். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. டாக்சிக்குச் சொல்லலாம் என்றேன். சில நாள் அப்படியும் வந்தார். பிறகு வீட்டிலிருந்து கீழே இறங்கி வருவதே கடினம் என்றார். மனைவியின் தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. மூக்கில் குழாய் போடுவதைப் பற்றி மருத்துவர் பேசினார்.

இல்லத்தின் சமூக ஊழியர்தான் அவரிடம் கேட்டார்: நீங்களும் இங்கேயே வந்துவிடுகிறீர்களா? அவருடைய முழங்காலுக்கும் வயதுக்கும் இடம் கிடைக்கும் என்றார். பெரியவர் உடனே சரி என்றார். இவ்வளவு காலம் இதை யாரும் ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டார்.

"இனிமே பஸ்ஸாவது ஒண்ணாவது. போடா நீயும் உன் ஸ்டாப்பும்னு சொல்லிட்டேன்மா" என்றார். சந்தைக்குப் பின்னால் இருந்த வீட்டை ஒப்படைத்தார். இரண்டு பைகளோடு ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்தார்.

பெண்கள் பிரிவு இரண்டாம் மாடியில். ஆண்கள் பிரிவு நான்காம் மாடியில். அங்கே தங்கியிருப்பவர்களுக்கு, துணைக்கு ஊழியர் இல்லாமல் மின்தூக்கியில் ஏற அனுமதி இல்லை. இரண்டு மாடிக்கும் மாலை உணவு ஒரே நேரத்தில் வருகிறது; அப்போது எந்த ஊழியருக்கும் கை ஒழியாது.