சத்தம் போடாத சீனக் காசு

நேற்றுப் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒருவன் சிவப்புத் துணி விரித்துப் பழங்காசு விற்றுக்கொண்டிருந்தான். நான் நிற்பதைப் பார்த்து ஒரு காசைப் படிக்கல்லில் போட்டான். கணீரென்றது. “கேட்டீங்களா தாத்தா? ஒரிஜினல்!” என்றான். உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டுக் காட்டினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். பெரிய கப்பல்கள் அப்போது கரைக்கு வராது. தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். தோணியில் போய்வந்த என்னிடம் கப்பல்காரர்கள் கொடுத்த சீனக் காசுகள் சேர்ந்தன. நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் நான்கு எழுத்து. அதில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. மேல், கீழ், வலம், இடம் என்று வாசிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதை வைத்தே ‘காசுப் பண்டிதர்’ என்று பெயரெடுத்துவிட்டேன்.

நல்லது கெட்டது பார்க்க நான் வைத்திருந்தது கடைத்தெரு வித்தைதான். கருப்பட்டி வாசமும் கருவாட்டு வாசமும் கலந்து அடிக்கும் அந்தக் கடைகளில் வெள்ளி ரூபாயைக் கல்லில் தட்டித்தான் வாங்குவார்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, மொட்டையாக விழுந்தால் கள்ளக்காசு.

ஒருநாள் சங்கு குளிக்கும் மிக்கேல், கூட்டாளி சூசையோடு அலுவலகத்துக்கு வந்தான். உள்ளங்கையில் பச்சை பூத்த சதுர ஓட்டைக் காசு.

“அண்ணாச்சி, முத்துக்குளிப்புல முங்கி எடுத்தேன்னு எங்கப்பா சொல்லுதாரு. அங்கன ஒரு கப்பலே முங்கிக் கெடக்காம். ஒரு பய நம்பமாட்டேங்கான்.”

“கடல்கன்னியப் பாத்தேன்னுந்தான் ஒங்கப்பா சொன்னாரு. அவ ஏதும் குடுத்து விடலியால?” என்றான் சூசை.

“நீ சும்ம கெடல. அண்ணாச்சி, படுக்கையில கெடக்காரு. நெசம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, எடத்துக்கு அடையாளம் சொல்லுதேங்காரு.”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பண்டிதருக்கு அந்த வார்த்தை வருமா? காசை வாசற்படியில் போட்டேன். மரத்துண்டு விழுந்த மாதிரி ‘டொக்’கென்றது.

“ஈயக் கலப்பு மிக்கேலு. சந்தையில எவனோ வித்தது.”

சூசை விழுந்து விழுந்து சிரித்தான். மிக்கேல் குனிந்து காசை எடுத்துக்கொண்டான். “அப்ப எங்கப்பா…” என்றவன், முடிக்காமல் போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்து, கப்பலில் வந்த, பினாங்கில் கொஞ்சம் தமிழ் பழகியிருந்த ஒரு சீனச் சமையற்காரரிடம் என் சேகரிப்பைப் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். “இது புதுசு. இதுவும் புதுசு. ரொம்பப் பழசு பேசாது ஐயா. மண்ணு, கடலு தின்னும். சத்தம் செத்துப்போகும்” என்று சிரித்தார்.

மிக்கேல் வீடு என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தள்ளினேன். வேலை இருந்தது என்று எழுதினால் பொய். ‘பண்டிதர் தப்பாச் சொல்லிட்டாராம்’ என்று கடைத்தெரு சிரிக்குமே என்ற பயம்தான். மழைக்காலத்தில் கிழவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் போனேன். உண்மையைச் சொன்னேன்.

மிக்கேல் மடியில் கிடந்த வலையைப் பார்த்தபடியே பேசினான். “நீங்க சொன்னத அன்னைக்கே அவருகிட்டச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. பொறவு ஒருநா, சும்மாவாச்சும் எடத்தச் சொல்லுங்கன்னு கேட்டேன். ‘புளுகன்கிட்ட எதுக்குல வழி கேக்க’ன்னுட்டுச் சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. காச அவரு கையில வச்சே பொதச்சிட்டோம்.”

இப்போது கப்பல்கள் கரையோரமே வந்து நிற்கின்றன. முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருடமாகிறது. கரையில் நின்று அந்த நீர்ப்பரப்பைப் பார்க்கிறேன். அதற்கடியில் எங்கோ ஒரு கப்பல் கிடக்கிறது. எந்த இடம் என்று சொல்ல ஒருவர் இருந்தார். அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க வைத்தது நான்.