இருபதடி தள்ளி நில்லுங்க

அச்சகத்தில் அவருக்கு இருபதடியார் என்று பெயர். பகலெல்லாம் கணினியில் விசிட்டிங் கார்டும் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைப்பார். மிச்ச நேரத்தில் நாலு வருடமாகச் சொந்தமாக ஓர் எழுத்துரு வரைந்தார். வளைவு, சுழி எதற்கும் அதில் இடமில்லை. எல்லாம் நெட்டுக்குத்தான பட்டைகள். எழுத்தின் உடம்பு இருக்கும் இடத்தில் பட்டை தடிக்கும், இல்லாத இடத்தில் மெலியும். கிட்டத்தில் பார்த்தால் ஜன்னல் கம்பி, விலகிப் போனால் எழுத்து.

யார் முகம் சுளித்தாலும், "இருபதடி தள்ளி நின்னு பாருங்க" என்பார். அப்படிப் பின்னால் நகர்ந்த முதலாளி மை டப்பாவில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

"பெரிய சுவருக்கும் உயரமான போர்டுக்கும் பொறந்த எழுத்து" என்று சொன்ன மனிதர், அதன்படி நடந்தாரா? ஆசை வெட்கமறியாது. மச்சினனின் கடைதிறப்பு அழைப்பிதழில் அதையே பொடிப்பொடியாக அச்சடித்துக் கொடுத்தார்.

மச்சினன் போன் செய்தான். "மாமா, எல்லாரும் பார்கோடுன்னு நெனச்சு ஸ்கேன் பண்றாங்க."

ஊர் சிரித்ததை அவர் துடைத்துப் போட்டுவிட்டார். மனைவி ஒரு தடவைகூட அதைப் படிக்காததுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வீட்டுச் சுவரெல்லாம் மாதிரித் தாள்களை ஒட்டிவைத்து, "படிக்க முடியுதா?" என்று தினமும் அவளிடம் கேட்பார்.

"கம்பிதான் தெரியுது. ஜெயில்ல சமைக்கற மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கழட்டிடுங்க."

புதன்கிழமை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போர்டு போட வந்தார். இவர் அச்சக வாசலில் தன் எழுத்தின் மாதிரியை மாட்டிவிட்டு, அவரைத் தெருவின் எதிர்ச்சாரிக்கே துரத்தினார். அங்கிருந்து கடைக்காரர் கையைத் தூக்கினார்.

"இதுலயே போடுங்க. கிட்ட வர்றவன் கண்ணு கெட்டுப்போச்சுன்னு தானா உள்ள வருவான்."

நாலு வருட உழைப்புக்கு இப்படி ஒரு மரியாதை. ஆனாலும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளி மாலை, மாட்டிய போர்டைக் காட்ட மனைவியைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். போர்டுக்குக் கீழே நாலு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். இவருக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் மனைவியோடு எதிர்ச்சாரிக்கு நடந்தார்.

"'தெளிவு கண்ணாடியகம், முதல் மாடி'" என்றாள் மனைவி, தடங்கலே இல்லாமல்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். "இத்தனை நாளா கம்பின்னியே?"

"நம்ம வீடே எட்டடி. இருபதடிக்கு நான் எங்க போறது?"

நாலு வருடம் எழுத்தை அளந்தவர் வீட்டை அளக்கவில்லை. "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு." அவள் நாலடி பின்னால் போய், அவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நின்னா நீங்களும் பரவாயில்ல."