நூற்றைம்பது கிலோ ஐஸ்

ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பதினோரு வருடம் பாத்திரம் கழுவிய ராதா, போன வருடம்தான் அதை விட்டுவிட்டு விசேஷங்களுக்கு எலுமிச்சை ஜூஸும் நன்னாரி சர்பத்தும் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். சின்னச் சின்னப் பிறந்தநாள்கள்தான் வந்துகொண்டிருந்தன. இந்த ஏப்ரலில் பெரிய வேலை ஒன்று வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா. ஞாயிறு மத்தியானம் மூன்று மணி, திறந்தவெளி, இருநூற்றைம்பது பேர்.

சங்கச் செயலாளர் வெங்கடகிருஷ்ணன் அறுபது கிலோ ஐஸ் போதும் என்று எழுதி வைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு கிளாஸ், கிளாஸுக்கு நூறு கிராம், அதற்கு மேல் கொஞ்சம். கணக்கு சரிதான், ஆனால் அதில் வெயிலைக் காணோமே என்று ராதாவுக்குப் பட்டது. அப்படியானால் எவ்வளவு என்று செயலாளர் கேட்டார். ராதா இரண்டு நாள் டைம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் இருபது கிலோ ஐஸ் வாங்கி, இரண்டு தெர்மாகோல் பெட்டிகளில் பாதிப் பாதியாகப் போட்டு மொட்டைமாடி நிழலில் வைத்தார். ஒன்றை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து மூடினார். இன்னொன்றைக் கோணிப்பையால் மூடி, தொடவே இல்லை. கம்பெனி கேப் ஓட்டும் கணவர் உத்தமன் முதலில் சிரித்தார். பிறகு அவரே தராசைப் பிடித்தார். மூன்று மணி நேரத்தில் திறந்த பெட்டியில் ஐந்து கிலோகூட மிஞ்சவில்லை. மூடிய பெட்டியில் ஒன்பது கிலோ அப்படியே இருந்தது.

"நூத்தம்பது கிலோ வேணும் சார்," என்றார் ராதா செயலாளரிடம். "வெயில்ல ஆளுக்கு நாலு கிளாஸ் குடிப்பாங்க, உருகுறதும் இருக்கு. ஒரே பெரிய டப்பாவுல வேணாம். பதினஞ்சு சின்னப் பெட்டி. ஒண்ணு காலியானாத்தான் அடுத்ததைத் திறக்கணும்."

எடை குறித்த தாளையும் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு அரைமனதோடு சம்மதித்தார்.

விழாவன்று மைக் மக்கர் செய்தது. பேச்சுகள் நீண்டன. வெயிலில் காய்ந்த கூட்டம் நாலரை மணிக்குத்தான் ராதாவின் மேசைக்கு வந்தது, விருந்தாளிகளோடு சேர்ந்து முந்நூறு பேருக்கு மேல். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள். ராதா அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். ஆறு மணிக்குக் கடைசிப் பெட்டியின் கோணியை விலக்கியபோது, கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கலகலவென்று இருந்தன. அன்று முழுவதும் இறுகிக் கிடந்த அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

வெங்கடகிருஷ்ணன் கிளாஸோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நான் சொன்ன அறுபதை வாங்கியிருந்தா அஞ்சு மணிக்கே மானம் போயிருக்கும்மா. தீபாவளிக்கும் நீங்கதான்," என்றார்.

அந்த வாரமே மூன்று குடியிருப்புகளிலிருந்து போன் வந்தது. ஐஸ் எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"பந்தல் போடுவீங்களா, வெயில்ல நிப்பாங்களா? அதை மொதல்ல சொல்லுங்க," என்றார் ராதா.