கேட் பாஸ் தூங்கிய மேசை

இன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் செல்வராணி அக்காவைப் பார்த்தேன். தொண்ணூறுகளில் இருவரும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தோம். அக்கா கீழே பேக்கிங்கில், நான் மாடியில் ஆபீஸில்.

"ஏட்டி, இப்பவும் நோட்டும் கையுமாத்தான் அலையுதியா?" என்று சிரித்தார்.

அது ஒரு கதை. அப்போது ஆஸ்பத்திரிச் சரக்கு ஏற்றிய லாரி, வெளியே போக அனுமதிக்கும் கேட் பாஸ் வராமல் தினமும் கேட்டிலேயே நிற்கும்.

"இப்படியே போனா ஆர்டர் கைவிட்டுப் போயிரும். பாஸ் எங்கன தேங்குதுன்னு பாரும்மா" என்றார் மேனேஜர்.

மூன்று நாள் நோட்டோடு மேசை மேசையாகப் போய் நேரம் குறித்தேன். ஸ்டோரில் பத்து நிமிடம். பேக்கிங்கில் கால் மணி நேரம். ஒரே ஒரு மேசையில் மட்டும் இரண்டு மணி நேரம்.

அது என் மேசை! கீழிருந்து வந்த பாஸ், என் கையெழுத்துக்காக மாடியில் மற்ற காகிதங்களுக்கு அடியில் கிடந்தது.

நோட்டை மேனேஜரிடம் நீட்டினேன். மேனேஜர் திட்டவில்லை. மறுநாளே என் மேசையைக் கீழே பேக்கிங் பக்கத்தில் போட வைத்தார். அன்று மதியமே லாரி கிளம்பிவிட்டது.

"அந்த மேனேஜருக்கு என்ன மூளை, அக்கா!" என்றேன் இன்று.

"அவிய எங்க யோசிச்சாவ? மேசைய இறக்கச் சொன்னதே நாந்தான். ஒரு கையெழுத்துக்கு எம்புட்டு தடவ மாடி ஏறுவேன்? முட்டி போச்சுட்டி!"

ஆக, அந்த ஆர்டரைக் காப்பாற்றியது அக்காவின் முட்டி.

உங்கள் ஆபீஸைத் திருத்தியது யாருடைய முட்டி? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.