தெரியாதவர்கள்தான் உருட்ட வேண்டும்

இல்லை, சூதாட்டம் இல்லை. பகடை இருந்தது, அவ்வளவுதான். செல்வினின் அண்ணனிடம் இதை மூன்று முறை சொன்னேன். ஊரிலிருந்து வந்து, தம்பியின் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நம்பவில்லை. பகடைகளையும் விதிப் புத்தகத்தையும் துணிகளோடு சேர்த்துப் பையில் போட்டுக் கட்டினார். “பிள்ளைங்க கண்ணுல படக் கூடாதும்மா” என்றார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

செய்தி அதற்கு ஐந்து நாள் முன்பு வந்தது. செவ்வாய்க்கிழமை, பள்ளியில் இரண்டாம் பாடவேளை. ஜீப் ஓட்டும் சடையன் போனில். “டீச்சருங்களா?” என்றார். “செல்வின் சார் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, விடியால நாந்தானுங்க நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போனேன். பாதி வழி வரைக்கும் பேசிட்டேதான் வந்தாருங்க.” முப்பத்தாறு வயது. கரும்பலகையில் பாதியில் விட்ட வாக்கியத்தை எழுதி முடித்தேன். ஏனென்று தெரியவில்லை.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால்தான் பார்த்திருப்பீர்கள். “சாப்பிட்டப்புறம்” என்பதை இரண்டு முறை சொல்லி மாத்திரையை நீட்டுகிறவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் மலையிலுள்ள திருப்புலி நாட்டுக்கு மாற்றலாகி வந்தவர். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வேறு ஆள். ஒரு பிளாஸ்டிக் மேசை, நான்கு நாற்காலிகள். அவர் கதையை நடத்துவார். நானும் சடையனும் சடையனின் அக்கா வெள்ளையம்மாளும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் போவோம். என்ன செய்கிறோம் என்று சொல்வோம். நடக்குமா என்பது சந்தேகமானால் இருபது முகப் பகடையை உருட்டுவோம்; பெரிய எண் விழுந்தால் வெற்றி.

இரண்டு வருடக் கதை இப்போது ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறது. வெள்ளம். அக்கரைக் கோட்டையில் வெள்ளையம்மாளுடைய பாத்திரத்தின் தங்கையை அடைத்துவைத்திருக்கிறார்கள். அந்தப் பாத்திரத்துக்குப் படகு ஓட்டத் தெரியாது. துடுப்பை எடுத்துவிட்டாள். “மீதி அடுத்த வாரம்” என்றார் செல்வின். அடுத்த வாரம் அவர் இல்லை. எங்களில் யாருக்கும் நடத்தத் தெரியாது.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: “பாவம், மலையில பொழுது போகாம அந்த ஜனங்களோட ஏதோ விளையாடிட்டிருந்தாரு.” அதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். இங்கே சொல்கிறேன்.

முதல் நாள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் திறமைகளின் பட்டியல்: மலையேறுதல், காயத்துக்குக் கட்டுப்போடுதல், பூட்டுத் திறத்தல், பேரம். பாத்திரம் பயின்றவற்றில் ஆறுக்கு டிக் போட வேண்டும். நான் ஆறையும் போட்டேன். சடையன் ஏழு போட்டு மாட்டிக்கொண்டார். வெள்ளையம்மாள் ஒன்றும் போடவில்லை.

“ஏன் அக்கா?” என்றார் செல்வின்.

“சர்ட்டிபிகேட்டு இருந்தாத்தானுங்க சார் போட முடியும்? நாளைக்கு ஆராச்சும் எடுத்துக் காட்டுன்னா நானு எங்க போவேன்?”

சடையன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. செல்வின் சிரிக்கவில்லை. இவ்வளவு காலமாக எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் வெள்ளையம்மாளிடம் அதைத்தானே கேட்டிருக்கிறார்கள். விதி அது இல்லை என்று செல்வின் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. “சரிக்கா. வெறும் தாளாவே இருக்கட்டும். அதை வச்சே ஆடுவோம்” என்றார்.

அந்தத் தாளுக்காகத்தான் அவர் விதிகளை மாற்றினார் என்று நினைக்கிறேன். பயிலாதவர் சில வேலைகளை முயலவே முடியாது என்றது புத்தகம். ஒருநாள் கதையில் ஒரு காவலாளியின் தொடையில் அம்பு. வெள்ளையம்மாள் முன்னால் வந்தார். சடையன் புத்தகத்தைத் தட்டினார்.

“ஏக்கா, உனக்கு டிக் இல்ல. முடியாதுன்னு இதுல போட்டிருக்குது.”

“நீ வாயெ மூடு. அந்தாளு ரத்தம் போயிச் சாவறான்.”

செல்வின் கேட்டார்: “கையால என்ன செய்றீங்க? அதைச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். அம்பைப் பிடுங்க மாட்டேன். முந்தானையைக் கிழித்து அம்பைச் சுற்றி அழுத்துவேன். காலை மேடாக வைப்பேன். தூங்கவிடாமல் திட்டிக்கொண்டே இருப்பேன். மருந்தாளுநரான செல்வின் ஒருகணம் அவரையே பார்த்தார். புத்தகத்தை மூடினார். “உருட்டுங்க.”

நான்கு விழுந்தது. தோல்வி.

காவலாளி பிழைத்தான். கால் ஊனமானது. அவன் பின்னால் எங்களுக்கு எதிரியானான், அது வேறு கதை. செல்வினின் மேசையில் தோல்வி என்றால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று பொருளில்லை. வேறொன்று நடக்கும். பயிலாதவரின் தோல்வியைக் கோமாளித்தனமாக்க அவர் யாரையும் விட்டதில்லை. அக்காவின் பாத்திரம் கால் வழுக்கிச் சாணியில் விழுந்தது என்று சடையன் ஒருமுறை சேர்த்துச் சொன்னபோது, “அது வேண்டாம் தம்பி” என்றார். அவ்வளவு குளிர்ந்த குரலை அவரிடம் வேறெப்போதும் கேட்டதில்லை.

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. நான் ஆறு டிக் போட்டவள். கல்லூரியிலிருந்து அப்படியே வந்தவள். எல்லோரும் எல்லாவற்றையும் முயலலாம் என்றால் பயின்றதற்கு என்ன மதிப்பு? ஒரு மழைநாளில் நேரடியாகக் கேட்டேன்.

“தெரிஞ்சவங்களுக்குப் பகடை எதுக்கு டீச்சர்?” என்றார். “அவசரம் இல்லன்னா நீங்க சும்மாவே செஞ்சிருவீங்க, நான் உருட்டவே சொல்ல மாட்டேன். தெரியாதவங்கதான் உருட்டணும். உருட்டவாவது விடணும்லா?”

அதன்பின் என் பாத்திரம் பூட்டுகளைப் பகடை இல்லாமல் திறந்தது. வெள்ளையம்மாளின் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் உருட்டியது.

அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை. ஒருமுறை அவர் மறுத்தார். கதவில் ஒரு கல்வெட்டு, எங்களில் யாரும் கேட்டறியாத மொழி. வெள்ளையம்மாள் படிக்கிறேன் என்றார். “எப்படி?” என்றார் செல்வின். “பார்த்துட்டே இருந்தா தெரியுமுங்க.” “தெரியாதுக்கா. இதுக்குப் பகடை கிடையாது. வழி இல்லாத இடத்துல பகடை கொடுத்தா அது ஏமாத்து.” வெள்ளையம்மாள் எழுந்து போனார். இரண்டு ஞாயிறு வரவில்லை. கதையை நகர்த்த விடாமல் செல்வின் அவருடைய நாற்காலியைப் போட்டுவைத்துக் காத்திருந்தார். ஆள் அனுப்பவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. மூன்றாம் ஞாயிறு வெள்ளையம்மாளே வந்தார், உட்காருமுன்பே பேசினார்.

“அந்தக் கதவுக்குள்ளார தெனமும் சோறு கொண்டு போறவன் ஒருத்தன் இருப்பானல்லொ? அவனெப் புடிச்சுப் படிக்கச் சொல்றேன். அதுக்கு உருட்டலாமா?”

“தாராளமா.”

பத்தொன்பது.

பொழுதுபோகாமல் செய்த காரியமா இது? சான்றிதழ் இல்லாததால் நாற்பது வருடம் ஓரமாக நிற்கச் சொல்லப்பட்ட ஒருவரை, ‘என்ன செய்கிறீர்கள்’ என்று வாரந்தோறும் கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்த மனிதர். அதை விளையாட்டு என்றே சொல்லுங்கள். ‘வெறும்’ என்பதை மட்டும் முன்னால் சேர்க்காதீர்கள்.

ஞாயிறன்று அண்ணனின் வேன் கிளம்பியபின் மூவரும் பூட்டிய வீட்டின் முன் நின்றோம்.

“கண்ணு, நீ நடத்து” என்றார் வெள்ளையம்மாள்.

முடியாது என்றேன். புத்தகம் போய்விட்டது, அவர் மனதில் வைத்திருந்த கதை எனக்குத் தெரியாது, கெடுத்துவிடுவேன். நடத்தத் தெரிந்த வேறு யாராவது மாற்றலாகி வரக்கூடும் என்றேன்.

“டீச்சரு நடத்துனா மாசாமாசம் பரீச்ச வெப்பாங்க” என்றார் சடையன். யாரும் சிரிக்கவில்லை. அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தெரிஞ்சவரு ஒருத்தரு வார வரைக்கும் என்னைக் கரையிலயே நிக்கச் சொல்றியா?” என்றார் வெள்ளையம்மாள். “என்ற தங்கச்சி அங்க கெடக்கறா.”

கதையில் வரும் தங்கைதான். அவர் கண்ணில் நீர் நின்றது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலைந்து நாள் அந்தக் குரல் வகுப்பிலும் கூடவே இருந்தது.

செல்வினின் ஆன்மா சாந்தியடைய வேண்டுமென்று எழுதச் சொல்கிறார்கள். எழுத மாட்டேன். சாந்தி வேண்டாம், எனக்குக் கோபமாக இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு கேள்வியையும், அதற்குப் பின் அவர் விடும் இடைவெளியையும். ‘என்ன செய்றீங்க’ என்று கேட்பார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். எதிரே இருப்பவர் பேசும்வரை. நானாக இருந்தால் அந்த மௌனத்தை நிரப்பியிருப்பேன். வகுப்பில் தினமும் நிரப்புகிறேன். இனி முயன்று பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஒரு நோட்டுத் தாளை இருபது துண்டாக வெட்டினேன். ஒன்று முதல் இருபது வரை எழுதி, மடித்து, எவர்சில்வர் சொம்பில் போட்டேன். பிறகு சடையனுக்குப் போன் செய்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு மறுநாள் பத்து மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.