ஃபிளாப்பிக்கு வைத்த சந்தனம்

ஈரச் சந்தனம் காயும்போது விரல்நுனியை மெல்லப் பிடித்து இழுக்குமே, அந்த இறுக்கம் எனக்கு இன்றும் பிடிப்பதில்லை. கோயிலில் யாராவது கிண்ணத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன், திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, ஒரே ஒரு ஃபிளாப்பி இருந்தது. உள்ளங்கை அகலக் கறுப்புச் சதுரம்; ஓரத்தில், விரலால் தள்ளினால் நகர்ந்து, விட்டால் தானே மூடிக்கொள்ளும் ஒரு தகடு. அது அக்காவுடையது. காரைக்காலில் ஒரு மாடியில் இருந்த "சென்ட்டரில்" அவள் டிப்ளமோ படித்தாள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும், உள்ளே போனால் குரலைத் தாழ்த்த வேண்டும், சந்நிதிக்குள் நிற்பதுபோல. அங்கிருந்த சார் கம்ப்யூட்டரின் பாகங்களையும் எழுத்துச் சுருக்கங்களின் விரிவையும் வாய்ப்பாடுபோல ஒப்பிக்க வைத்தார். "இங்க இருக்கறத வாராவாரம் அழிச்சிடுவேன், உங்க வேலைய ஃபிளாப்பில போட்டு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். இன்னொன்றிலும் போட்டு வையுங்கள் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒற்றை வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அக்கா செய்தது பஸ் நேரம் சொல்லும் புரோகிராம். விழிதியூர் என்றோ அம்பகரத்தூர் என்றோ தட்டினால் போதும், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று திரையில் பச்சை எழுத்தில் வரும். அதற்காக மழையிலும் வெயிலிலும் பஸ் ஸ்டாண்டில் நின்று, கண்டக்டர்களின் கிண்டலைப் பொறுத்துக்கொண்டு, ஒரு நோட்டு முழுக்க நேரங்களை எழுதினாள். தட்டி முடித்ததும், இனி எதற்கு என்று அந்த நோட்டை அடுப்புக்குக் கொடுத்துவிட்டாள். யாருடைய புரோகிராம் முதலாவதாக வருகிறதோ அந்தப் பெண்ணையே சென்ட்டரில் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்வதாகச் சார் சொல்லியிருந்தார். வீட்டில் ஜாதகம் எடுத்தாகிவிட்டது. அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கிருந்த தப்பிக்கும் வழி.

ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, மருந்தடிக்கும் மிஷின், சைக்கிள், தையல் மிஷின் எல்லாம் கூடத்தில் வரிசையாக நின்றன. "பாப்பா, ஒண்ணு விடாம பொட்டு வெய்யி. அக்காவோட அந்தக் கறுப்பு டப்பாவுக்கும் வெய்யி, படிக்கிற பொருளு" என்றார் அப்பா. அக்கா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பொட்டு வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். தகட்டைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே பழுப்பாக, வழவழவென்று, விளக்கொளியில் மின்னியது. இதுதான் மூலவர், வெளியே இருப்பது வெறும் கதவு என்று என் பத்து வயது மூளை முடிவு செய்தது. உள்ளே நன்றாக ஒரு சந்தனப்பொட்டு, அதன்மேல் குங்குமம். கதவு தானே மூடிக்கொண்டது.

அக்கா ஓடி வந்து மேற்பொட்டைத் தாவணியால் துடைத்தாள். "மேலதானடி வெச்ச? உள்ள ஒண்ணும் போகலியே?"

"இல்லக்கா."

இரண்டாம் நாள் சென்ட்டருக்கு என்னையும் அழைத்துப்போனாள்; எல்லார் முன்னாலும் விழிதியூர் என்று நான்தான் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபிளாப்பியைச் செருகியதும் இயந்திரம் தேங்காய் துருவுவதுபோலச் சத்தம் போட்டது, நின்றது. சார் அதை வெளியே எடுத்து மோந்து பார்த்தார். "என்னம்மா, மாவிளக்குப் போட்டு எடுத்தாந்தியா? என் டிரைவும் போச்சே!" வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் வாசலுக்கு ஓடி, செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

"சாமிக்கு வெச்ச சந்தனத்துல கெட்டுப்போச்சுன்னா, அது என்ன பெரிய பொருளு?" என்றார் அப்பா. அத்தை ஒரு படி மேலே போனாள்: "பஸ்ஸு போற நேரம் இவளுக்கு எதுக்கு? ஏறிப் போகவா போறா?" தை மாதம் அக்காவை அம்பகரத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

கும்பிடத் தெரிந்த அளவுக்கு இந்தச் சனத்துக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று அன்று பற்றிக்கொண்ட கோபம், கம்ப்யூட்டரே பிழைப்பாகிப்போன இத்தனை வருடங்களில் ஒரு சொட்டும் குறையவில்லை. அந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஃபிளாப்பி எங்கேயும் இல்லை. சேமிக்கும் பொத்தானில் அதன் படம் மட்டும் பொம்மையாக மிச்சம். புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. போனுக்குக் குங்குமம் வைக்கிறார்கள், கடவுச்சொல்லைக் கடைக்காரனிடம் ஒப்பிக்கிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கிணற்றில் போனைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். செத்துப்போன அம்மாவின் குரல் அதில்தான் இருந்ததாம். "கிளவுடுங்கறாங்களே, எங்கயாச்சும் மேல இருக்கும்லக்கா?" என்றாள். எந்த மேல என்று கேட்டேன். மின்விசிறியைக் காட்டினாள். திட்டினேன். இரண்டு நகல் வையுங்கள், அதில் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். "அவகிட்ட போனா வள்ளுன்னு விழுவா" என்று ஊரில் பேர் எடுத்ததுதான் மிச்சம்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை வந்தாள். இந்த வழியில் பஸ்ஸே இல்லை என்றது என் போன். "அதை உள்ள வெய்யிடி. அஞ்சே காலுக்கு வரும்" என்றாள், கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல்.

சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு அந்தத் தகட்டைத் தள்ளி உள்ள வெச்சது நாந்தான்."

"தெரியும். நீ வெளில ஓடுன பொறவு சார் பிரிச்சுக் காட்டுனாரு. உள்ள சந்தனத்துல குட்டியா ஒரு வெரல் ரேகை."

"ஏன் வீட்ல சொல்லல?"

"சொன்னா உன்னைய சாத்திருப்பாங்க. அதுக்காக எனக்கு வேலை வந்துருமா?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அவள் படாத கோபத்தையும் சேர்த்து நானே சுமந்துகொண்டு நிற்கும்போது, ஐந்தேகாலுக்கு பஸ் வந்தது.

"ஏறு, ஏறு. இத வுட்டா ஏழரைக்குத்தான்."

நான் ஏறினேன். அவள் ஏறவில்லை.